சீனத்துச் சாய்ந்த வீடு

ராஜபாளையம் பொருட்காட்சிக்குச் சீனாவிலிருந்து ஒரு வீடு வந்திருக்கிறது என்று பிச்சையம்மாள் அத்தை வந்து சொன்னபோது, எங்கள் வீட்டில் அதை நம்பியது நான் ஒருத்திதான். அது எண்பத்தேழாம் வருஷக் கோடை விடுமுறை. ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்கள் இருந்த அலமாரியைக் கிட்டத்தட்ட படித்து முடித்திருந்தேன். சீனா எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். ஆற்றின் மேல் வளைந்த கல்பாலம், அதன் அடியில் நெல் ஏற்றிய படகு, பனி கொட்டும் மாலையில் ஊர் திரும்பும் பள்ளி ஆசிரியர், அவருக்காக மதுவைச் சூடாக்கி வைத்துக் காத்திருக்கும் கடைக்காரர். எங்கள் மடவார் வளாகத்துத் தெருவில் சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதும் நான் பெரும்பாலும் அந்த ஊரில்தான் இருந்தேன்.

"ஒரு வீட்டையே எப்படி அத்தை கொண்டாந்தாக? கப்பல்லயா?"

"கொண்டாந்தாகளோ, இங்கனயே கட்டுனாகளோ, யாருக்குத் தெரியும்? உள்ள போனா நிக்க முடியல ஏட்டி. தரை பூரா சரிஞ்சு கெடக்கு. நேத்துப் போயிட்டு வந்தேன். குடிச்சவ கணக்கா நடந்தேன். எல்லாரும் அப்படித்தான் நடக்காக. ஒரு போலீஸ்காரர் வந்தாரு, அவரும் அப்படித்தான்."

கடைசி வாக்கியத்தை அத்தை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுக்களை வாசலில் நின்றிருந்த அக்கா உள்ளே போய்விட்டாள்.

அக்கா அழகுத்தாய்க்கு மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் இரண்டு விரற்கடை கட்டையாகிப் போனது. ஓடுவாள், படி ஏறுவாள், குடம் சுமப்பாள். ஒவ்வொரு அடிக்கும் இடது பக்கம் லேசாக இறங்கி எழும்புவாள், அவ்வளவுதான். பஜாரில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை பார்த்தாள். முகூர்த்த மாதங்களில் ஊரில் பாதிப் பேருடைய கல்யாணப் பத்திரிகை அவள் கையால் போகும்.

எங்கள் பக்கத்தில், பூவும் பழமும் எடுத்துக்கொண்டு முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், சும்மா பார்ப்பது என்று ஒன்று உண்டு. கோயிலிலோ ஜவுளிக்கடையிலோ இரண்டு குடும்பமும் தற்செயலாக எதிர்ப்பட வேண்டும். தற்செயல்தான் என்று இரண்டு பக்கமும் நடிக்க வேண்டும். பிடித்திருந்தால் அடுத்த வாரம் வீட்டுக்கு வருவார்கள். பிடிக்கவில்லை என்றால் யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது, பார்க்கவே இல்லை என்று போய்விடலாம். அக்காவை ஆண்டாள் கோயிலில் வைத்து இரண்டு குடும்பங்கள் அப்படிப் பார்த்தன. அந்தப் பிரகாரம் நீளமானது. அக்கா நடந்து வருவதற்குள் அவர்கள் வேறு வாசல் வழியாகப் போய்விட்டார்கள்.

இரண்டு தடவையும் ஏற்பாடு செய்தது அத்தைதான். அப்பாவுக்கு மூத்தவள், ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். இந்த மூன்றாவது இடம் சுந்தரபாண்டியம். பையன் பால்பாண்டி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மிஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர். அம்மா பெத்தம்மாள் வயலும் மாடும் வைத்திருப்பவள். அப்பா இல்லை. அக்காவின் காலைப் பற்றி அவர்களிடம் அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"அந்த வீட்டுக்குள்ள வச்சுப் பாத்தா எல்லார் நடையும் ஒண்ணுதான் தம்பி," என்றாள் அத்தை. "முகத்தைப் பாப்பாக. முகத்துக்கு என்ன குறை?"

"பொறவு தெரியுமில்லக்கா?" என்றார் அப்பா.

"தாலி ஏறுன பொறவு தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது."

அன்று சாயங்காலம் கிணற்றடியில் அக்கா என்னிடம் சொன்னாள். "பொய் சொல்லிக் கட்டிக் குடுத்தா, அந்த வீட்டுல நான் ஆயுசு பூரா உக்காந்துக்கிட்டேதான் இருக்கணும் குருவு. எந்திரிச்சா தெரிஞ்சிருமேன்னு."

"அப்ப மாட்டேன்னு சொல்லிரு."

"அப்பா முகத்தைப் பாத்தியா? ரெண்டு தடவை கோயில்லருந்து வெறுங்கையோட வந்தாரு. வாய் வரலட்டி."

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அப்பாவும் அக்காவும் நானும் ராஜபாளையத்தில் இறங்கினோம். பஸ் நிலையத்தில் அத்தை காத்திருந்தாள். அம்மா வரவில்லை, குடும்பத்தோடு போனால் தற்செயலாகத் தெரியாது என்று அத்தை சொல்லியிருந்தாள். பஞ்சு மார்க்கெட் பக்கத்து மைதானத்தில் பொருட்காட்சி. ராட்டினம், மரணக் கிணறு, டெல்லி அப்பளக் கடை எல்லாம் தாண்டிக் கடைசியில் அது நின்றது.

பார்த்த உடனே நான் நடையை எட்டிப் போட்டேன். சிவப்பும் பச்சையுமாக நுனி வளைந்த கூரை, காகித விளக்குகள், வாசலின் இருபுறமும் தீ கக்கும் டிராகன். கிட்டே போனதும் டிராகனுக்கு நம் கோயில் யாளியின் பற்கள் இருப்பது தெரிந்தது. கூரை தகரம். சுவரில் எழுதியிருந்த சீன எழுத்துகள் தேயிலைப் பெட்டியைப் பார்த்து எழுதியவை போல ஒரே நான்கு எழுத்துகளாகத் திரும்பத் திரும்ப வந்தன. ஆனாலும் மைக்கில் ஒருவர் முழங்கிக்கொண்டிருந்தார். "சீன தேசத்தில், மலையடிவாரத்தில், ஒரு சிற்றூரில், பூகம்பத்தில் சாய்ந்த அதே வீடு! தண்ணீர் மேல் நோக்கி ஓடும்! பந்து மேட்டில் ஏறும்! இன்றைக்கும் அங்கே ஒரு குடும்பம் சாய்ந்தபடியே வாழ்ந்து வருகிறது!"

சாய்ந்தபடியே வாழும் குடும்பம் என்றதும் அந்த ஊர் எனக்கு முழுசாகத் தெரிந்தது. தேநீர்க் கிண்ணம் வழுக்காமல் இருக்க மேசைக்கு விளிம்பு கட்டியிருப்பார்கள். பிள்ளைகள் சுவரோரம் உருண்டு போய்த் தூங்குவார்கள். வாசலில் சீனப் பட்டுச் சட்டை போட்டு, கொண்டையில் இரண்டு குச்சி செருகிய பெண் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். சீனமொழியைக் காதால் கேட்கப்போகிறோம் என்று நெருங்கினேன்.

"ரண்டி ரண்டி, லோப்பல எள்ளண்டி," என்றாள் அவள். வாங்க, உள்ள போங்க என்று ராஜபாளையத்துத் தெலுங்கு.

அதற்குள் அவளுக்குப் பக்கத்திலேயே தற்செயல் வந்து நின்றிருந்தது. "அடடே, பெத்தம்மா மைனியா! நீங்க எங்க இந்தப் பக்கம்?" என்று அத்தை கூவினாள்.

"சும்மா பொருட்காட்சி பாக்க வந்தோம்," என்றாள் பெத்தம்மாள். கனத்த உடம்பு, கண்டாங்கிச் சேலை, காதில் பெரிய கம்மல். அவளுக்குப் பின்னால் சட்டைப் பையில் சீப்பு தெரிய ஒல்லியாக நின்றவர்தான் பால்பாண்டி. அவர் டிராகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிராகனைத் தவிர வேறு எதையும் பார்க்கக்கூடாது என்று சொல்லிக் கூட்டி வந்த மாதிரி இருந்தது. அக்கா ஏற்கெனவே வந்து ஒரு கம்பத்தோரம் நின்றுவிட்டாள். அவள் நடந்ததை அவர்கள் பார்க்கவில்லை. அதையும் அத்தைதான் கணக்குப் பண்ணியிருந்தாள், எங்களை முன்கூட்டியே வந்து நிற்கச் சொல்லியிருந்தாள்.

ஒரே வாசல். பத்துப் பன்னிரண்டு பேராக உள்ளே விட்டு, அதே வழியில் திரும்ப வெளியே அனுப்பினார்கள். அக்காவைக் கடைசியாக வரும்படி அத்தை ஜாடை காட்டினாள். உள்ளே நீளமான ஓர் அறை. ஜன்னலெல்லாம் அடைத்திருந்தது. தரை இடப்பக்கச் சுவரிலிருந்து வலப்பக்கச் சுவரை நோக்கிச் சரிந்து கிடந்தது. சுவர்களும் கூரையும் அதே அளவுக்குச் சாய்ந்திருந்ததால், தரை சரியாக இருக்கிறது, நாம்தான் சாய்ந்துவிட்டோம் என்று கண் சொன்னது. கால் அதை நம்ப மறுத்தது. நான் இரண்டு அடி வைத்ததும் வலப்பக்கச் சுவரில் போய் மோதினேன். அப்பா பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரின் தோளைக் கட்டிக்கொண்டார். "மன்னிக்கணும்," என்றார் அப்பா. "நீங்க விட்டா நான் விழுந்துருவேன், விடாதீங்க," என்றார் அவர்.

"எம்மா... தாயே... என்னைய யாராவது புடிங்களேன்!" பெத்தம்மாள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். மகனைப் பிடிக்கலாம் என்றால் அவர் அதற்குள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா நடந்து வந்தாள். ஆடவில்லை, இறங்கி எழும்பவில்லை. தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. இடப்பக்கம் மேடாக இருந்ததால் கட்டைக் கால் மேட்டில் விழுந்தது, நீளக் கால் பள்ளத்தில் விழுந்தது. எங்களை எல்லாம் தள்ளாட வைத்த தரை அவளுக்கு மட்டும் சரியாகப் பொருந்திவிட்டது. பிறந்ததிலிருந்து நான் பார்க்காத நடை அது. பெத்தம்மாளிடம் போய் அவள் கையைப் பிடித்தாள். "மெதுவாம்மா. கண்ணை மூடிக்கோங்க. என் கூட வாங்க."

கண்ணை மூடிக்கொண்டு பெத்தம்மாள் அறையின் கோடி வரைக்கும் அக்காவோடு நடந்தாள். அங்கே காட்சிக்காரர் ஒரு பந்தை எடுத்து உருட்டினார். அது மேட்டில் ஏறியது போலத்தான் இருந்தது. எல்லோரும் ஓ என்றார்கள். பெத்தம்மாள் பந்தைப் பார்க்கவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து அக்காவைப் பார்த்தாள்.

"ஏலே பால்பாண்டி, இங்க பாரு! நாமெல்லாம் கயிறு அறுத்த மாடு கணக்கா ஆடுதோம். இந்தப் புள்ள கொத்தனார் தூக்குக்குண்டு விட்ட மாதிரி நிக்கு! என்னா நடை, என்னா நிதானம்!"

"எங்க புள்ள நடையே தனி மைனி," என்றாள் அத்தை, ஒரு தூணைக் கட்டிக்கொண்டு. அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். எந்தப் பாராட்டுக்கும் ஒரு மனிதர் அப்படி வெளிறிப்போய் நான் பார்த்ததில்லை.

"அவ்வளவுதான், எல்லாரும் திரும்புங்க, அடுத்த ஆளுக காத்திருக்காக," என்றார் காட்சிக்காரர்.

திரும்பினோம். திரும்பினால் மேடு வலப்பக்கம் போய்விட்டது, பள்ளம் இடப்பக்கம். அக்காவின் கட்டைக் கால் இப்போது பள்ளத்தில். ஓர் அடி எடுத்து வைத்தாள், உடம்பு மொத்தமும் இடது பக்கம் சரிந்தது. அத்தை கண்ணால் ஜாடை காட்டினாள்: வா, வந்துகொண்டே இரு. அத்தை நினைத்தது சரிதான். எல்லோரும் தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா எவ்வளவு மோசமாக நொண்டினாலும், வீடு கடைசியில் இந்தப் பெண்ணையும் சாய்த்துவிட்டது என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். பத்து எட்டு அப்படியே நடந்தால் வெளியே கம்பத்தோரம் போய் நின்றுவிடலாம்.

அக்கா நின்றாள்.

"அம்மா, ஒரு நிமிசம். நான் அப்ப நேரா நடந்தது இந்த வீட்டால. எனக்கு இடது கால் கட்டை. வரும்போது மேடு அந்தப் பக்கம் இருந்துச்சு, காலுக்குச் சரியாப் போச்சு. இப்ப மாறிப்போச்சு. வெளிய மட்டமான தரையிலயும் நான் சாஞ்சு சாஞ்சுதான் நடப்பேன்."

அத்தை தூணிலிருந்து கையை விட்டுவிட்டு, விழப்போய், திரும்பவும் பிடித்துக்கொண்டாள். அப்பா அந்தத் தெரியாதவரின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். "நகருங்கப்பா, நமக்குத் தலை சுத்துது, இங்கன நின்னு கதை பேசுதாக," என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

பெத்தம்மாள் இரண்டு கண்ணையும் திறந்தாள்.

"எம்புட்டுக் கட்டை?"

"ரெண்டு விரக்கடை."

"விழுந்ததா?"

"இல்ல, காய்ச்சல். மூணு வயசுல."

பெத்தம்மாள் மெல்லத் தலையைத் திருப்பி அத்தையைப் பார்த்தாள். "ஏ பிச்சையம்மா. இதுக்குத்தான் என்னைய இந்தப் பேய் வீட்டுக்குள்ள தள்ளுனியா?"

"அது வந்து மைனி..."

"கோயில்ல வச்சுக் காட்டியிருந்தா காத்தாட உக்காந்து பாத்திருப்பேன்ல? காலையில தின்ன இட்லி தொண்டையில வந்து நிக்கி."

"மைனி, நான் என்ன சொல்ல வாரேன்னா..."

"பேசாத. நீ பேசினா எனக்கு வாந்தி வருது. முதல்ல என்னைய வெளிய கொண்டு போங்க." அக்காவிடம் கையை நீட்டினாள். "இப்ப நீ என்னைய புடிக்கணுமா, நான் உன்னைய புடிக்கணுமா?"

"ரெண்டு பேரும் புடிச்சுக்கிருவோம்மா," என்றாள் அக்கா.

அப்படியே பிடித்துக்கொண்டு வந்தார்கள். வெயில் முகத்தில் அடித்ததும் பெத்தம்மாள் டிராகனின் வாலடியில் தரையிலேயே உட்கார்ந்து சேலை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். சீனச் சட்டைக்காரப் பெண் வந்து விசிறியால் வீசினாள். அத்தையைக் காணவில்லை. அப்பளக் கடைப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"சோடா வாங்கிட்டு வாரேன்," என்றாள் அக்கா.

சோடாக் கடை மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. நடுவில் மறைப்பு எதுவும் இல்லை. அக்கா நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் இடது பக்கம் இறங்கி எழும்பினாள். வேகமாகவும் போகவில்லை, மெதுவாகவும் போகவில்லை. அச்சகத்துக்குப் போவது போலப் போனாள். பெத்தம்மாள் பார்த்தாள். பால்பாண்டியும் பார்த்தார். பார்த்துவிட்டு அவள் பின்னாலேயே போனார், பாட்டில்களைத் தூக்கி வர ஆள் வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு. நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, ஆனால் அதைக் கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

"அச்சாபீசுல நின்னுக்கிட்டேதான வேலை?" என்று கேட்டார் அவர். அக்காவைப் பார்த்துக் கேட்கவில்லை. சோடா பாட்டிலின் கோலியைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமா. இடது காலுக்கு அடியில ஒரு பலகை போட்டுக்கிருவேன்."

"எங்க மில்லுலயும் அப்படித்தான். மிஷின் ஒரு பக்கம் ஆடுச்சுன்னா அடியில தகடு வைப்போம். கல்லு மாதிரி நிக்கும்." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. காது மடல் சிவந்துவிட்டது. "நான் மிஷினைச் சொன்னேன். உங்களை... அப்படி அர்த்தத்துல..."

அக்கா சிரித்துவிட்டாள். கையில் இருந்த சோடா பொங்கிச் சேலையெல்லாம் வழிந்தது. "தகடு எம்புட்டுக் கனம் வைப்பீங்க?"

"அது மிஷினைப் பொறுத்து," என்றார் அவர், ரொம்ப அக்கறையாக.

நான் அப்பாவிடம் திரும்பி வந்தேன். ஒரு கல்லில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா எங்கட்டி?"

"சோடாக் கடையில."

"நடந்தா போனா?"

"நடந்துதான்."

"எல்லாரும் பாத்தாகளா?"

"பாத்தாகப்பா."

"சரி," என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். திரும்பவும் கழற்றித் துடைத்தார். "சரி. நல்லது." மார்பு ஏறி இறங்க ஒரு பெருமூச்சு விட்டார். அதை எத்தனை மாதமாக அவர் உள்ளே அடக்கி வைத்திருந்தாரோ.

பெத்தம்மாள் சோடாவைக் குடித்து நீளமாக ஒரு ஏப்பம் விட்டாள். முகத்துக்கு ரத்தம் திரும்பியது. "அண்ணாச்சி, இங்கன வாங்க," என்று அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா போய் எதிரில் நின்றார்.

"எனக்கு மறைச்சுப் பேசத் தெரியாது. கால் விசயம் ஒரு யோசனைதான். எங்க வீட்டுல நெல்லு அவிக்கணும், மாடு பாக்கணும், மச்சுல ஏறி இறங்கணும்."

"அதெல்லாம் செய்வா..."

"நீங்க சொல்லாதீங்க. நீங்க சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லல. அந்தப் புள்ள சொல்லட்டும், அது சொன்னா நான் நம்புதேன்." அக்காவைப் பார்த்தாள். "முடியுமா தாயி?"

"மச்சு ஏறுவேன். நெல்லு அவிப்பேன். மாடுதான் பழக்கம் இல்ல, பயமா இருக்கும்," என்றாள் அக்கா.

பெத்தம்மாள் சோடா பாட்டிலைக் கீழே வைத்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டாள். "மாட்டை நான் பாத்துக்கிடுதேன். இவன் என்ன சொல்லுதான்னு கேளுங்க."

பால்பாண்டி காலி பாட்டில்களை எண்ணுவது போலப் பாவனை செய்தார். "எனக்கு... சரிதாம்மா," என்றார்.

"அப்ப வார ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாரோம் அண்ணாச்சி. பூ, பழத்தோட. உங்க வீட்டுத் தரை மட்டமாத்தான இருக்கும்?"

"மட்டம்தான்," என்றார் அப்பா. "நல்ல மட்டம்தான்." அவருக்கு அது வேடிக்கைப் பேச்சு என்றே படவில்லை.

சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர்கள் தனித்தனியாகப் பிரிந்து போவதுதான் வழக்கம். ஆனால் சுந்தரபாண்டியத்துக்கும் எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும், ஒரே பாதை. வந்து நின்ற மதுரை பஸ்ஸில் இரண்டு குடும்பமும் ஏறினோம். வழியனுப்ப அத்தை பஸ் கிட்டே வரவில்லை. பெத்தம்மாள்தான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பஸ் நிலைய வாசலில் தயங்கி நின்ற அவளைப் பார்த்துக் கத்தினாள். "ஏ பிச்சையம்மா! ஞாயித்துக்கிழமை நீயும் வந்துரு! வராம இருந்துறாத, உன்கிட்ட எனக்குப் பேச்சு இருக்கு!" அத்தை அங்கிருந்தே கும்பிட்டாள். அவளுக்கும் உயிர் வந்திருக்க வேண்டும்.

அக்காவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. நான் பக்கத்தில். எதிர் வரிசையில் பெத்தம்மாளும் மகனும். மேற்கே மலை நீலமாகக் கூடவே வந்தது. அந்த மலையின் அடிவாரத்தில் ஒரு சீனச் சிற்றூரை வைத்து, அதில் அந்தச் சாய்ந்த குடும்பத்தைக் குடிவைத்துப் பார்த்தேன். அவர்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து தெருவில் எப்படி நடப்பார்கள் என்று யோசிக்கையில் என் தோளில் ஏதோ கனத்தது.

அக்கா தூங்கிப்போயிருந்தாள். தலை என் தோளில். வாய் நன்றாகத் திறந்திருந்தது. ஒரு மெல்லிய குறட்டை. எதிரே பார்த்தால் பால்பாண்டி, அவருக்குப் பக்கத்தில் அவருடைய அம்மா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுப்புவதற்காக அவள் முழங்கையைத் தொட்டேன்.

"விடு புள்ள," என்றாள் பெத்தம்மாள். "தூங்கட்டும். வில்லிபுத்தூர் வந்தா எழுப்பிக்கிடலாம்."

கையை எடுத்துக்கொண்டேன்.